வன்னியில் விதை போட்டுக் குடுவைச் செடி வளர்ப்பது: முழுமையான வழிகாட்டி

இலை நுனியில் தொங்கும் குடுவையால் பூச்சி பிடிக்கிற குடுவைச் செடியை (நெப்பந்தஸ்) வளர்க்க ஆசைப்பட்டு விசாரிக்கிறவர்களில் அநேகம் பேர் விதையை வாங்கிய பிறகுதான் கதைக்கிறார்கள். "அண்ணை, விதை வந்திட்டுது, இனி என்ன செய்யிறது?" அந்த நேரம் வீட்டில் மழைத் தண்ணீர் இருக்காது, கலவை கழுவியிருக்காது, பெட்டியும் இருக்காது. மூன்றையும் தேடி முடிக்க ஒரு மாதம் போய்விடும். இந்த விதையை நெல்லைப் போல அடுத்த போகம் வரை கட்டி வைக்க முடியாது. காய் வெடித்த சில கிழமைகளிலேயே அதன் முளைதிறன் இறங்கத் தொடங்கிவிடும்.

அதனால் ஒழுங்கை மாற்றாதீர்கள்: தண்ணீர், கலவை, பெட்டி, இடம், அதற்குப் பிறகே விதை. வன்னியின் சூடு இந்தச் செடிக்கு எதிரி இல்லை. சரியான இனத்தைப் பிடித்தால் எங்கள் இரவும் பகலும் அதற்குப் போதும். இங்கே இல்லாதவை இரண்டுதான்: உப்பில்லாத தண்ணீர், ஈரமான காற்று. கீழே உள்ள வேலைகளில் பாதிக்கு மேல் அந்த இரண்டையும் உண்டாக்குவதற்கானவை.

1. முதலில் இனத்தை முடிவு செய்யுங்கள்

நெப்பந்தஸ் என்று விற்கப்படுவதில் இரண்டு வகை உண்டு. மலைநாட்டு இனங்களுக்கு இரவில் நல்ல குளிர் வேண்டும். வெப்பமானி 15 பாகைக்குப் பக்கத்தில் இறங்க வேண்டும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ அது நடக்காது. குளிரூட்டி இல்லாமல் அவற்றை வளர்க்க முயல வேண்டாம். முளைக்கும், சில மாதம் நிற்கும், பிறகு கோடையில் ஒவ்வொன்றாகக் கருகும்.

தாழ்நில இனங்களுக்குப் பகலில் 25 முதல் 33 பாகை செல்சியஸ், இரவில் 20க்கு மேல் இருந்தால் போதும். நெப்பந்தஸ் டிஸ்டிலடோரியா இலங்கைக்கே உரிய இனம். தென்மேற்கு ஈரவலயத்தில் களுத்துறை, காலி, இரத்தினபுரி பக்கம் இயற்கையாக வளர்வது. தொடங்குகிறவருக்கு நான் சொல்வது இதைத்தான். நெப்பந்தஸ் மிராபிலிஸ், நெப்பந்தஸ் கிராசிலிஸ், நெப்பந்தஸ் அம்புல்லாரியா, நெப்பந்தஸ் ரஃப்லேசியானா ஆகியவையும் சூடு தாங்கும். மேகாலயாவின் நெப்பந்தஸ் காசியானாவும் பொறுமையான செடி, ஆனால் அது சர்வதேச வணிகத்தில் மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட இனம். தாள் இல்லாமல் யாரும் விற்றால் வாங்காதீர்கள்.

2. வேலையை மாரியோடு சேர்த்து வையுங்கள்

எங்கள் மழையின் பெரும் பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழி வரை கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மாதங்களில் தண்ணீர் சேருங்கள், கலவையைக் கழுவி வையுங்கள். விதையைத் தையில் போடுங்கள்.

இதற்குக் காரணம் இருக்கிறது. தையில் விதைத்தால் வெயில் மூர்க்கமாவதற்கு முன் முளைத்துவிடும். தென்மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நாற்றுகள் மூடிய பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். அவற்றை வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டிய நேரத்தில் அடுத்த மாரி வந்துவிடும். சித்திரையில் விதைக்கிறவர்களுக்கு இந்த வரிசை தலைகீழாகிறது: முளைக்கிற காலத்தில் பெட்டி கொதிக்கிறது, தண்ணீரும் கையில் இல்லை.

3. தண்ணீர்

இந்தச் செடி சத்தில்லாத, புளிப்பான மண்ணில் வாழப் பழகியது. அதன் வேருக்குக் கரைந்த உப்புகளைத் தாங்கத் தெரியாது. ஒரு தடவை ஊற்றியதும் செத்துவிடாது என்பதுதான் சிக்கல். தண்ணீர் ஆவியாகும், உப்பு கலவையிலேயே தங்கும், அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் சேரும். வன்னிக் கோடையில் ஆவியாதல் அதிகம் என்பதால் உப்பு சேர்வதும் வேகம்.

கரைந்த உப்பை அளக்கிற சின்ன ரி.டி.எஸ். மீற்றர் ஒன்று வாங்குங்கள். பேனா அளவுதான் இருக்கும், விலையும் பெரிதில்லை. மொத்தச் செலவில் இதைத்தான் தவிர்க்கக் கூடாது என்பேன். மீற்றர் 50க்குக் கீழே காட்டும் தண்ணீர் நல்லது. 100ஐத் தாண்டினால் விதைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம்.

கிணற்றுத் தண்ணீர் இந்தத் தேர்வில் பெரும்பாலும் தோற்றுவிடும். முருங்கன், பூநகரி பக்கம் கீழே சுண்ணாம்புப் பாறை. வவுனியாப் பக்கம் பாறை வேறு, ஆனாலும் நீர் கடினமானது, புளோரைட்டும் உண்டு. கேத்திலின் அடியில் வெள்ளைப் படை பிடிக்கிற வீடு என்றால் மீற்றர் வருமுன்பே பதில் தெரிந்துவிடும். குளத்துத் தண்ணீரும் வாய்க்கால் தண்ணீரும் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் கரைந்த உப்பைச் சுமந்துதான் வருகின்றன.

கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கொதிப்பது கிருமியைக் கொல்லும், சுண்ணாம்பில் கொஞ்சம் அடியில் படியும், மற்ற உப்பு அப்படியே நீரில் இருக்கும். நீர் வற்றுவதால் மிஞ்சுகிற உப்பின் செறிவு கூடவும் கூடும். துணியில் வடிப்பதும் அப்படியே, தூசி போகும், உப்பு போகாது. கடையில் விற்கும் குடிநீர்ப் போத்தலிலும் கனியுப்பு இருக்கும்.

ஆக, மழைத் தண்ணீர்தான். ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். இரண்டு மீற்றருக்கு மூன்று மீற்றர் தறப்பாள் ஒன்றை நான்கு மூலையும் கட்டி, நடுவில் தொய்யவிட்டு, 25 மில்லிமீற்றர் மழை பிடித்தால் ஏறக்குறைய 150 லீற்றர் கிடைக்கும். ஒன்றிரண்டு விதைப் பெட்டிக்கு ஒரு முழுக் கோடையும் அதுவே மிஞ்சும், ஏனென்றால் மூடிய பெட்டியில் நீர் வெளியே போவதில்லை.

கூரையிலிருந்து பீலி வழியாகப் பிடிப்பதானால் மாரியின் முதல் மழைகளை விட்டுவிடுங்கள். கோடை முழுவதும் படிந்த புழுதியும் பறவை எச்சமும் அவற்றில்தான் கழுவப்பட்டு வரும். சீமெந்துத் தாங்கியில் சேர்த்த மழை நீரை அளக்காமல் ஊற்றாதீர்கள். சீமெந்திலிருந்து சுண்ணாம்பு ஊறும், புதிய தாங்கியில் இன்னும் அதிகம். பிளாஸ்டிக் பரலோ பெரிய கானோ நல்லது. வாயை நுளம்பு வலையால் இறுக்கிக் கட்டுங்கள். திறந்த பரலில் குடம்பி வைத்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கேட்பது நியாயம். குடம்பிக்கென்று மருந்தோ குளோரினோ கலந்த தண்ணீரையும் செடிக்கு ஊற்றக் கூடாது. வலை கட்டிவிட்டால் அந்தத் தேவையே வராது.

மழை தீர்ந்துவிட்டால், ஊர்களில் குடிநீருக்காக வைத்திருக்கும், உப்பை வடிகட்டி நீக்கும் ஆர்.ஓ. நிலையத்துத் தண்ணீர் அடுத்த வழி. ஆனால் எல்லா நிலையத்திலும் எல்லா நாளும் ஒரே அளவு வராது. சில இடங்களில் சுவைக்காகக் கொஞ்சம் கிணற்று நீரைத் திரும்பக் கலப்பார்கள். ஒவ்வொரு கானையும் அளந்து பாருங்கள்.

4. கலவை

வளவு மண், செம்மண், எரு, கூட்டெரு, உமிச் சாம்பல் எதுவும் வேண்டாம். மற்றச் செடிக்குக் கொடுக்கும் அன்பு இங்கே நஞ்சு. சத்து இருந்தால் வேர் கருகும், பூஞ்சணமும் பாசியும் விதையை மூடும்.

அடிக்கலவைக்குத் தும்புச்சோறு போதும். தென்னந்தும்பு எடுத்த பின் கழிக்கிற அந்தத் தூள் எங்களுக்குக் கைக்கெட்டிய பொருள். ஆனால் அதில் உப்பு இருக்கும். மட்டையை உவர் நீரில் ஊறப்போட்டிருந்தால் நிறையவே இருக்கும். ஒரு வாளியில் போட்டு, நீர் நிரப்பி, ஓர் இரவு ஊறவிட்டு, பிழிந்து, வடிந்த நீரை மீற்றரால் அளவுங்கள். முதல் சில தடவைகளுக்கு உவரில்லாத கிணற்றுத் தண்ணீர் போதும், மழை நீரை வீணாக்க வேண்டாம். கடைசிக் கழுவல்கள் மட்டும் மழை நீரில். பிழிந்த நீரின் அளவு, நீங்கள் ஊற்றிய மழை நீரின் அளவுக்குக் கிட்ட வந்தால் நிறுத்தலாம்.

அத்தோடு முடிந்ததாக எண்ண வேண்டாம். ஈரமாகவே ஒரு கிழமை மூடி வைத்து மறுபடி பிழிந்து அளந்தால் எண் சில வேளை ஏறியிருக்கும். தூளின் உள்ளே பிடித்திருந்த உப்பு மெல்ல வெளியே வருகிறது. அப்படியானால் இன்னும் ஒருமுறை கழுவுங்கள். இந்த ஒரு கிழமைப் பொறுமை இல்லாமல் விதைத்துவிட்டு, முளைத்தவை நுனி கருகுவதைப் பார்த்து விதையைக் குறை சொல்கிறவர்களை அடிக்கடி சந்திக்கிறேன்.

மூன்று பங்கு தும்புச்சோற்றுக்கு ஒரு பங்கு பேர்லைட் (பாரமில்லாத வெள்ளைக் கல் துகள்) அல்லது பருமணல் சேர்த்தால் காற்றோட்டம் வரும். மணல் எடுப்பதானால் கடற்கரை மணல் கூடாது. ஆற்று மணலிலும் சிப்பித் துகளோ சுண்ணாம்போ கலந்திருக்கலாம். ஒரு பிடி மணலில் வினாகிரி விட்டுப் பாருங்கள்: நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு, அந்த மணலைத் தள்ளிவிடுங்கள். நுரைக்காவிட்டால் கழுவிப் பயன்படுத்தலாம்.

மேலே ஒரு சென்ரிமீற்றர் தடிப்புக்கு ஸ்பாக்னம் பாசி வேண்டும். ஓர்க்கிட் செடிச் சாமான் விற்கும் கடைகளில் காய்ந்த பாசி சிறு பைகளாகக் கிடைக்கும். அதை ஊறவைத்து, கத்தரிக்கோலால் மிகச் சிறிதாக நறுக்கிப் பரப்புங்கள். நீளமாக விட்டால் விதை இடுக்குகளுக்குள் விழுந்து இருட்டில் போய்விடும். உயிருள்ள பச்சைப் பாசி கிடைத்தாலும் விதைப் பெட்டிக்குப் போடாதீர்கள். அது நாற்றைவிட வேகமாக வளர்ந்து நாற்றை மூடிவிடும்.

கலவையைப் பெட்டியில் இட்டபின் கொதிக்கும் மழை நீரை மேலே ஊற்றி, முழுதாக ஆறவிடுங்கள். முட்டை, புழு, பூஞ்சண வித்துகளில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும்.

ஈரம் எவ்வளவு என்பதற்குக் கைதான் அளவு. ஒரு பிடி எடுத்து அமுக்கினால் சில துளி வடிய வேண்டும். தாரையாக ஓடினால் அதிகம், துளியே வராவிட்டால் குறைவு.

5. பெட்டி

உள்ளே தெரிகிற, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டி எதுவானாலும் சரி. கேக் வரும் பெட்டி, பிஸ்கற் பெட்டி, சாப்பாட்டுப் பெட்டி. 5 சென்ரிமீற்றர் கலவை, அதற்கு மேலே இன்னும் அவ்வளவு வெற்றிடம் இருந்தால் நல்லது.

இரண்டு விதமாகச் செய்யலாம். பெட்டியிலேயே கலவையைக் கொட்டி விதைப்பது ஒன்று. அடியில் துளையிட்ட யோகட் கப்களில் கலவையை நிரப்பி, அவற்றைப் பெரிய பெட்டிக்குள் அடுக்குவது மற்றது. நான் இரண்டாவதையே சொல்வேன். ஒரு கப்பில் பூஞ்சணம் பிடித்தால் அதை மட்டும் வெளியே எடுக்கலாம், இனங்களும் கலக்காது. சூடாக்கிய ஆணியால் அடியில் நாலைந்து துளை போடுங்கள். கப்பின் பக்கத்தில் இனத்தின் பெயரையும் விதைத்த திகதியையும் அழியாத பேனாவால் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து எல்லாக் கப்பும் ஒரே மாதிரித் தெரியும்.

6. இடமும் வெளிச்சமும்

முதல் நாளிலேயே விதையைக் கொல்கிற பிழை இதுதான்: மூடிய பெட்டியை நேர் வெயிலில் வைப்பது. காலை எட்டரை மணி வெயில் இதமாகத்தான் தெரியும், ஆனால் மூடிய பெட்டிக்குள் அரை மணியில் 40 பாகை தாண்டும்.

வெளிச்சம் நிறைய வேண்டும், வெயில் படக் கூடாது. விறாந்தை நல்ல இடம். ஆனால் எந்தப் பக்க விறாந்தை என்பதைக் காலத்தோடு பார்க்க வேண்டும். வன்னி ஏறக்குறைய வடக்கு 9 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும். வடகிழக்கில் எழுந்து வடமேற்கில் மறையும். ஆகவே தையில் நாள் முழுவதும் நிழலாக இருந்த வடக்கு விறாந்தைக்குள் ஆனியில் காலையிலும் பின்னேரமும் சாய்ந்த வெயில் நுழையும். பெட்டியை வைத்த இடத்திலேயே விட்டு, 'இவ்வளவு நாளும் நல்லாத்தானே இருந்தது' என்று சொல்கிறவர்களுக்கு விளக்கம் இதுதான். வைகாசியில் ஒரு நாள் காலையிலும் மாலையிலும் நின்று பாருங்கள், வெயில் எட்டினால் பெட்டியை மாற்றுங்கள்.

தகரக் கூரைக்குக் கீழே உயரத் தட்டில் வைக்க வேண்டாம், சூடு மேலேதான் நிற்கும். நிலத்தோடு, சீமெந்துத் தரையில், ஈர மணல் பரப்பிய தட்டில் வைத்தால் பல பாகை குறையும். பெட்டிக்குள் ஒரு சின்ன வெப்பமானியைப் போட்டுவிட்டுப் பின்னேரம் இரண்டு மணிக்குப் பாருங்கள். 34க்குள் நின்றால் நிம்மதி.

வீட்டுக்குள் வைப்பதானால் பகல் வெளிச்ச நிறமுள்ள வெள்ளை எல்.ஈ.டி. பல்ப் ஒன்றை 25 முதல் 30 சென்ரிமீற்றர் உயரத்தில் தொங்கவிட்டு, நாளுக்கு 12 மணி நேரம் எரியவிடுங்கள். கறண்ட் சில மணி நேரம் போனால் ஒன்றும் கெடாது.

எறும்புக்கும் ஒரு வழி செய்யுங்கள். கோடையில் ஈரம் தேடி எறும்பு கலவைக்குள் கூடு கட்டும். பெட்டி மேசையில் இருந்தால் அதன் கால்களைத் தண்ணீர்ப் பேணிகளில் வைத்து, நுளம்பு முட்டையிடாமல் நீரின் மேல் கொஞ்சம் எண்ணெய் விடுங்கள்.

7. இப்போது விதை

நெப்பந்தஸில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. இரண்டும் ஒரே காலத்தில் பூத்தால்தான் விதை. அதனால் இரண்டையும் வைத்திருக்கிற வளர்ப்பாளரிடம்தான் நல்ல விதை இருக்கும். காய் எந்த மாதம் பறித்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வாங்காதீர்கள்.

விதை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள். மெல்லிய நூல் துண்டு போல, ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் நீளம், இரு முனையும் கூர், நடுவில் மட்டும் சிறு புடைப்பு. அந்தப் புடைப்புக்குள்தான் முளைக்கரு. பூதக்கண்ணாடியில் பாருங்கள்: நடுவில் புடைப்பே இல்லாதவை வெறும் உமி, முளைக்காது. இணையத்தில் நீலக் குடுவை, வானவில் குடுவை என்று படம் போட்டு, உருண்டையாகவோ கறுப்பு மணியாகவோ அனுப்புவதெல்லாம் வேறு ஏதோ செடியின் விதை.

வெளிநாட்டிலிருந்து கடித உறைக்குள் விதை வரவழைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. இறக்குமதிக்கு அனுமதி வேண்டும், அனுப்புகிற நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். அதேபோல் காட்டிலிருந்து விதையோ செடியோ எடுக்காதீர்கள். சிங்கராஜா போன்ற காப்புக் காடுகளில் ஓர் இலை பறிப்பதும் குற்றம். பிடுங்கிய செடியின் வேர் அறுந்துவிடும், வன்னிக்கு வந்து சேர்ந்தாலும் பிழைப்பது அரிது.

கையில் கிடைத்ததும் அன்றைக்கே விதைப்பதுதான் உத்தமம். முடியாவிட்டால் காகித உறையில் போட்டு, இறுக்க மூடும் பையில் வைத்து, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறைய வைக்கும் தட்டில் வைக்காதீர்கள்.

8. விதைத்தல்

மின்விசிறியை நிறுத்துங்கள், யன்னலைச் சாத்துங்கள். மூச்சுக் காற்றுக்கே பறக்கிற விதை இது.

கலவை ஈரமாக, சமமாக இருக்கட்டும். விதைகளை ஒரு மடித்த தாளில் போட்டு, தாளின் விளிம்பை மெல்லத் தட்டி மேற்பரப்பில் விழவிடுங்கள். ஒன்றுக்கொன்று ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி இருக்கும்படி ஈர்க்கு நுனியால் தள்ளிச் சரிசெய்யுங்கள். நெருக்கமாகக் கொட்டினால் செத்த விதையில் பிடிக்கிற பூஞ்சணம் பக்கத்து நல்ல விதைக்கு நடந்து போகும். இடைவெளிதான் அதற்கு மருந்து.

மூடாதீர்கள். மண் தூவாதீர்கள், அமுக்காதீர்கள். பயறு, கத்தரி விதைத்துப் பழகிய கை தன்னை அறியாமலே மேலே ஒரு பிடி தூவப் பார்க்கும். இந்த விதை முளைக்க வெளிச்சம் வேண்டும், உள்ளே புதைந்தால் முளைக்காது.

கடைசியாக ஸ்பிறே போத்தலால் மழை நீரைச் சற்று உயரத்திலிருந்து பனிபோல் விசிறுங்கள். விதை மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். கிட்டத்தில் வைத்து அடித்தால் எல்லாம் ஒரு மூலைக்கு அள்ளுண்டு போகும். மூடியைப் போட்டு, இடத்தில் வைத்துவிடுங்கள்.

9. காத்திருக்கும் காலம்

புதிய விதை நன்றாக இருந்தால் மூன்று முதல் எட்டுக் கிழமைக்குள் முளைக்கத் தொடங்கும். எல்லாம் ஒரே நாளில் வராது. மூன்று நான்கு மாதம் கழித்து எழும்புகிறவையும் உண்டு. ஒன்றும் வரவில்லை என்று இரண்டாம் மாதமே கொட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆறு மாதம் வரை பெட்டியை எறியாதீர்கள்.

மூடியின் உட்புறத்தில் நீர்த்துளி படிந்திருந்தால் தண்ணீர் தேவையில்லை. துளி மறைந்து, பாசியின் நிறம் வெளிறினால் மட்டும் விசிறுங்கள். கிழமைக்கு ஒரு தடவை மூடியைச் சில நிமிடம் திறந்து காற்று மாற்றினால் போதும். மாரியிலும் தையிலும் காலையில் திறக்கலாம். கச்சான் காலத்தில் விடியப்புறம் மட்டும். பின்னேரக் காற்றில் திறந்தால் மேற்பரப்பு கண் முன்னே காயும்.

வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் அந்த விதையையும் சுற்றியுள்ள பாசியையும் ஈர்க்காலோ சிறு கவ்வியாலோ எடுத்து எறியுங்கள். பிறகு சில நாள் மூடியைச் சற்றுக் கூடுதல் நேரம் திறந்து வையுங்கள். செப்பு கலந்த பூஞ்சணக் கொல்லி இந்தச் செடிக்கு ஆகாது. மிளகாய்க்கு அடித்து மிஞ்சியதை இங்கே கொண்டுவர வேண்டாம்.

கலவை மேல் வழுவழுப்பான பச்சை அல்காப் படை பிடித்தால் ஈரம் அதிகம், அல்லது தண்ணீரில் சத்து இருக்கிறது. திரும்ப மீற்றரை எடுங்கள். சின்னக் கறுப்பு ஈக்கள் பெட்டிக்குள் பறந்தால் அவற்றின் புழு இளம் வேரைத் தின்னும். மஞ்சள் நிற ஒட்டுத்தாள் ஒரு துண்டை உள்ளே நிறுத்தி, மேற்பரப்பைக் கொஞ்சம் காயவிடுங்கள்.

10. முளைத்ததை அடையாளம் காணுங்கள்

விதையின் நடு வீங்கிப் பச்சையாகும். பிறகு இரண்டு ஒடுங்கிய வித்திலைகள், ஊசி முனை அளவில். அதைப் பாசி என்று நினைத்துச் சுரண்டி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். பூதக்கண்ணாடி இல்லாமல் எதையும் களையாதீர்கள்.

அடுத்து வருகிற முதல் உண்மையான இலையிலேயே குண்டூசித் தலையளவு குடுவை இருக்கும். மூடியும் வாயுமாக, பெரிய செடியின் குடுவைக்குரிய எல்லாம் அதில் உண்டு. இதைப் பார்க்கத்தான் இத்தனை பாடும்.

அந்த மகிழ்ச்சியில் உரம் போடத் தோன்றும். யூரியாத் துளி, அல்பேட் கரைசல், சாணக் கரைசல் எதுவும் கலவைக்குள் போகக் கூடாது. குடுவைக்குள் இறைச்சித் துண்டு போடுவதும் கூடாது, அழுகி இலையோடு போகும். குடுவையின் வாய் மூன்று நான்கு மில்லிமீற்றர் அகன்ற பிறகு, மீனுக்குப் போடும் உலர்ந்த புழு உணவைத் தூளாக்கி, ஈர்க்கு நுனியில் ஒட்டும் அளவு சில குடுவைகளுக்கு மட்டும் போடலாம். மாதத்துக்கு ஒரு தடவை. போடாவிட்டாலும் வளரும், மெதுவாக.

முதல் வருடக் கடைசியில் நாற்று ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் அகலம்தான் இருக்கும். ஏதோ பிழை என்று நினைத்து இடத்தையும் தண்ணீரையும் மாறி மாறி மாற்றாதீர்கள். இந்தச் செடியின் நடை அவ்வளவுதான்.

11. பிரித்து நடுதல்

நாலைந்து இலையோடு, இலைகள் ஒன்றையொன்று முட்டத் தொடங்கிய பிறகே பிரியுங்கள். மாரி தொடங்கிய பின் செய்தால் நல்லது.

நாற்றைப் பிடித்து இழுக்கக் கூடாது. வேர் மயிர் போல மெல்லியது, இலகுவில் முறியும். சிறு கரண்டியால் சுற்றிலும் உள்ள கலவையோடு சேர்த்துத் தோண்டி, அப்படியே புதிய கப்பில் இருத்துங்கள். வேர் கறுப்பாகத் தெரிந்தால் அழுகிவிட்டது என்று வெட்டாதீர்கள். நெப்பந்தஸின் ஆரோக்கியமான வேரே கறுப்புத்தான். அழுகிய வேர் தொட்டதும் குழையும், நாறும்.

புதிய கலவையும் அதே தும்புச்சோறும் பேர்லைட்டும்தான், கொஞ்சம் பருமனாக இருக்கலாம். நட்டபின் மறுபடி மூடிய பெட்டிக்குள் ஒரு மாதம்.

12. வெளிக்காற்றுக்குப் பழக்குதல்

நன்றாக வளர்ந்த நாற்றுகளில் அதிகம் சாவது இந்தக் கட்டத்தில்தான், அவசரத்தால். நூறுவீத ஈரத்தில் வளர்ந்த இலையை ஒரே நாளில் வெளியே வைத்தால் பின்னேரத்துக்குள் தொங்கிவிடும்.

கார்த்திகை, மார்கழியில் தொடங்குங்கள். முதல் கிழமை மூடியை விரல் தடிப்பு மட்டும் உயர்த்தி வையுங்கள். அடுத்த கிழமை கால்வாசி, பிறகு பாதி. ஒவ்வொரு கட்டத்திலும் புதிய இலை விரிகிறதா என்று பாருங்கள். விரியும் இலையின் நுனி காய்ந்தால் ஒரு கட்டம் பின்னால் போங்கள். ஏற்கனவே இருந்த பழைய குடுவைகள் வாடும். அது பரவாயில்லை, புதியவைதான் கணக்கு.

மாசிக்குள் முழுதாகப் பழகாத செடிகளை அடுத்த கோடைக்குத் திரும்பப் பெட்டிக்குள்ளேயே விடுங்கள். பழகியவற்றை 50 முதல் 70 வீத நிழல் வலைக்குக் கீழே, கச்சான் நேரே அடிக்காத பக்கத்தில், வீட்டுச் சுவரின் மறைவில் வையுங்கள். சுற்றிலும் வாழையோ பன்னச் செடிகளோ இருந்தால் அந்த இடத்துக் காற்று ஈரமாக நிற்கும். கோடையில் சட்டிகளைத் தனித்தனியே பரத்தாமல் நெருக்கி வையுங்கள்.

இனித் தண்ணீர் மேலிருந்து ஊற்றி, அடியால் வடிய வேண்டும். தட்டில் நீர் நிறுத்தி அதற்குள் சட்டியை நாட்கணக்கில் வைக்காதீர்கள், வேர் மூச்சுத் திணறும். வெளியே இருக்கும் செடி நிறையக் குடிக்கும் என்பதால் இந்த வருடத்திலிருந்து மழை நீர்ச் சேமிப்பையும் கூட்ட வேண்டும். செடி இருக்கிறது, ஆனால் குடுவை வரவில்லை, இலை நுனியின் கொடி மட்டும் நீள்கிறது என்றால் முதலில் வெளிச்சத்தையும் காற்றின் ஈரத்தையும் பாருங்கள். உரக்குறை என்று முடிவு செய்ய வேண்டாம்.

கைக்கு அடங்கும் அளவு செடியும் ஒழுங்கான குடுவைகளும் வர இரண்டு மூன்று வருடம் எடுக்கும். பூக்க இன்னும் பல வருடம். பூக்கும் வரை எது ஆண், எது பெண் என்று சொல்ல வழியில்லை. அதனால் ஒரே விதைக் கூட்டத்திலிருந்து வந்த ஐந்தாறு நாற்றையாவது வைத்திருங்கள். மிச்சத்தைப் பக்கத்து ஊரில் அக்கறையோடு வளர்க்கக் கூடிய இரண்டு பேருக்குக் கொடுத்து, யாரிடம் எத்தனை போனது என்று எழுதி வையுங்கள். உங்கள் வீட்டில் பெண் செடி பூக்கிற காலத்தில் ஆண் செடி முழங்காவிலிலோ ஒட்டுசுட்டானிலோ பூத்திருக்கலாம். மகரந்தத்தை ஒரு காகித மடிப்பில் வைத்து அன்றே பஸ்ஸில் கொண்டுவந்து தடவினால், அடுத்த விதைக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.